சூட்டைச் சொல்லுற சிப்பும், சாவைச் சொல்லாத கார்டும்

நாலு பேரு சேர்ந்து ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு வாங்கணும்னு பேச ஆரம்பிச்சா, முதல் கேள்வி என்னவா இருக்கும்னு நினைக்கீங்க? "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" ரெண்டாவது, "எத்தனை ஜிபி ராம்?" மூணாவது, "என்ன விலை?" அதோட பேச்சு முடிஞ்சு எல்லாரும் டீ குடிக்கப் போயிருவோம். இந்த மூணுல எந்தக் கேள்வியும் அந்தப் போர்டு நம்ம ஊர்ல எத்தனை வருஷம் உசுரோட இருக்கும்னு சொல்லாது. ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயம், இன்னைக்கு எழுதிர்றேன்.

கேக்க வேண்டிய கேள்வி ரெண்டுதான். ஒண்ணு, சூடு ஏறினா இந்தச் சிப்பு என்ன செய்யும்? ரெண்டு, தகவலை எதுல எழுதுது, அந்தச் சாமான் தன்னோட உடம்பு எப்படி இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லுமா? முதல் கேள்விக்கு இன்னைக்கு அனேகமா எல்லாப் போர்டுகிட்டயும் உருப்படியான பதில் இருக்கு. ரெண்டாவதுக்குப் பல போர்டுகள்கிட்ட பதிலே கிடையாது. காசு போடுறதா இருந்தா அந்த ரெண்டாவது இடத்துல போடணும்ங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்றேன், பொறுமையா வாசிங்க.

எம்பெடட் போர்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. உட்பொதி கணினின்னு அழகா தமிழ்லயும் சொல்லலாம். மானிட்டர், கீபோர்டு எதுவும் இல்லாம ஒரு பெட்டிக்குள்ள உக்காந்து ஒரே வேலையைப் பாக்குற கம்ப்யூட்டர். சிசிடிவி ரெக்கார்டர், பெட்ரோல் பங்கு மெஷின், பஸ் ஸ்டாண்டுல ஓடுற விளம்பரத் திரை, எல்லாத்துக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. நம்மள மாதிரி ஆசைக்குச் செய்யிறவங்களுக்கு 2012-ல வந்த ராஸ்பெரி பையும் 2013-ல வந்த பீகிள்போன் பிளாக்கும்தான் இதுல அரிச்சுவடி.

"இதெல்லாம் பெங்களூர்க்காரன் பேச வேண்டிய பேச்சு, நாஞ்சில் நாட்டுல இதுக்கு என்ன சோலி?"ன்னு ஒரு அண்ணாச்சி கேட்டார். ஆரல்வாய்மொழி கணவாய் வழியா நாகர்கோவிலுக்கு வந்தா ரெண்டு பக்கமும் காத்தாடிக் காடு. முப்பந்தல்ல நிக்கிற ஒவ்வொரு காத்தாடிக்குள்ளயும் ஒரு கண்ட்ரோலர் இருக்கு. காத்து வேகம், ஜெனரேட்டர் சூடு எல்லாத்தையும் பாத்து, எல்லை மீறினா காத்தாடியை நிறுத்துறது அதுதான். ஒரு காத்தாடியை 20 வருஷம் ஓடணும்னு கணக்குப் போட்டுத்தான் வடிவமைக்கிறாங்க. அதைத் தாண்டின பழைய காத்தாடிகளைப் புதுப்பிக்கிறதுக்குன்னே தமிழ்நாடு அரசு 2024-ல ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு. நம்ம செல்போனை மூணு வருஷத்துல தூக்கிப் போடுறோம். அங்க இருக்கிற போர்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அந்தப் பக்கம் கடல். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடல்ல நாள்கணக்கா, வாரக்கணக்கா தங்கித் தொழில் செய்றவங்க. 2017 நவம்பர் 30-ல ஒக்கிப் புயல் வந்தப்போ கடல்ல இருந்தவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராம எத்தனை வீட்டுல விளக்கு அணைஞ்சுதுன்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுக்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியா படகுக்குச் செய்தி அனுப்புற வேலை வேகம் பிடிச்சுது. இஸ்ரோ உருவாக்கின ட்ரான்ஸ்பாண்டரை 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள்ல ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்கள்ல வைக்கிற திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30-ல மகாராஷ்டிராவுல பால்கர்ல தொடங்கி வச்சாங்க. இனிமே போட்டுல ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி இருக்கிறது சாதாரண விஷயம். உப்புக் காத்து, எஞ்சின் அதிர்ச்சி, மேல வெயில், கீழ எஞ்சின் சூடு. இந்த நாலுக்கும் நடுவுல ஒரு பெட்டி வேலை செய்யணும்னா, கிகாஹெர்ட்ஸ் கணக்கு அங்க என்னத்துக்கு ஆகும்?

சரி, சூட்டுக்கு வருவோம்.

2001-ல டாம்ஸ் ஹார்டுவேர்ங்கிற தளம் ஒரு வீடியோ போட்டு உலகத்தையே கலக்குச்சு. ஓடிட்டிருக்கிற கம்ப்யூட்டர்ல ப்ராசஸர் மேல இருக்கிற ஹீட்சிங்கைக் கழட்டி எடுத்தாங்க. பென்டியம் 4 வேகத்தைக் குறைச்சுக்கிட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. பென்டியம் 3 அப்படியே உறைஞ்சு நின்னுது, ஆனா சாகலை. ஏஎம்டி அத்லான்? புகை! அன்னைக்கு அந்தப் புகையைப் பாத்துத்தான் 'சிப்பு தன்னைத்தானே காப்பாத்திக்கணும்'ங்கிற விஷயம் சாதாரண ஜனங்களுக்கும் புரிஞ்சுது.

இன்னைக்கு உள்ளங்கைப் போர்டுல கூட அந்தக் காவல் இருக்கு. சிப்புக்குள்ளேயே வெப்பமானி. லினக்ஸ் ஓடுற போர்டுன்னா படிப்படியா வேலை நடக்கும். ஒரு எல்லையைத் தொட்டா வேகத்தைக் குறைக்கும். ஃபேன் இருந்தா அதைச் சுத்த விடும். அபாய எல்லையைத் தொட்டா ஒழுங்கா எல்லாத்தையும் மூடி வச்சிட்டு அணைஞ்சிரும். அதையும் மீறினா, பல சிப்புகள்ல சாஃப்ட்வேரை எல்லாம் கேக்காம ஹார்டுவேரே கரண்டை வெட்டிரும். ராஸ்பெரி பையில 80 டிகிரியில வேகம் குறைய ஆரம்பிக்கும், 85-ல இன்னும் கடுமையா இழுத்துப் பிடிக்கும். 2018-ல வந்த 3பி பிளஸ் மாடல்ல 60 டிகிரியிலேயே 1.4 கிகாஹெர்ட்ஸ்ல இருந்து 1.2-க்கு இறங்கிரும். அதுமட்டுமில்ல, ஒரு வரி கமாண்டு கொடுத்தா "ஆன் பண்ணினதுல இருந்து எப்பவாவது வேகத்தைக் குறைச்சேனா, எப்பவாவது வோல்டேஜ் விழுந்துச்சா"ன்னு கணக்கும் ஒப்பிக்கும். சமர்த்துப் பிள்ளை!

நம்ம ஊர்ப் பாஷையில சொன்னா இது குளத்து மறுகால் மாதிரி. தண்ணி நிறைஞ்சா மறுகால் பாயும், கரை உடையாது. ஆனா மறுகால் இருக்கிறது கரையைக் காப்பாத்த. கீழ உள்ள வயலைக் காப்பாத்த இல்ல. அதே மாதிரி இந்த வெப்பக் காவல் சிப்பைக் காப்பாத்தும். உங்க வேலையைக் காப்பாத்தும்னு எங்கயும் எழுதிக் கொடுக்கலை. நாலு கேமராவைப் பதிவு செய்ய வேண்டிய பெட்டி மத்தியானம் 2 மணிக்கு வேகத்தைக் குறைச்சா, சிப்பு சுகமா இருக்கும், பதிவுதான் விட்டு விட்டு இருக்கும். இன்னொரு கூத்தும் உண்டு. சூட்டுல அணைஞ்ச பல போர்டுகள் ஆறின பிறகு தானா எந்திரிக்காது. யாராவது போய் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகணும். காத்தாடி உச்சியில யாரு ஏறுவா?

"நம்ம ஊரு குளுந்த ஊருதானே, இங்க என்ன சூடு?"ன்னு கேப்பீங்க. வேலூர், திருச்சி மாதிரி 40 டிகிரி நமக்குக் கிடையாதுங்கிறது வாஸ்தவம்தான். ஆனா கணக்கைப் பாருங்க. வெளியில 33 டிகிரி. தூசி, சாரல் உள்ள போகக் கூடாதுன்னு காத்துப் புகாத இரும்புப் பெட்டி, அதுவும் மேற்கு பாத்த சுவத்துல. உள்ள சுலபமா 50 ஆகும். சிப்பு வேலை செய்யும்போது சுத்தி இருக்கிற காத்தை விட இன்னொரு 30 டிகிரி ஏறும். 80 வந்தாச்சு! ராஸ்பெரி பை 4-ஓட தயாரிப்புக் குறிப்பிலேயே சுத்துப்புற வெப்பம் 0-ல இருந்து 50 டிகிரி வரைன்னுதான் போட்டிருக்கு. அது பெட்டிக்குள்ள இருக்கிற காத்தோட கணக்கு. டிவியில வானிலை அறிக்கையில சொல்ற கணக்கு இல்ல.

இருந்தாலும் சூட்டைப் பத்தி நான் ரொம்பக் கவலைப்படலை. ஏன்னா அது தெரியுற வியாதி. சிப்பு சொல்லுது, நாம கேட்டு, ஒரு அலுமினிய ஹீட்சிங்க் போட்டோ, பெட்டியை நிழலுக்கு மாத்தியோ சரி பண்ணிரலாம். தெரியாத வியாதிதான் ஆளைக் கொல்லும். அது ஸ்டோரேஜ்ல இருக்கு.

கொஞ்சம் பழைய கதை. 2000-களோட தொடக்கத்துல எம்பெடட் போர்டுன்னா ஐடிஇ கேபிள்தான். மேஜைக் கம்ப்யூட்டருக்கு 40 பின், சின்ன ஹார்டு டிஸ்க்குக்கு 44 பின். சுத்துற டிஸ்க் அதிர்ச்சி தாங்காதுன்னு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை ஐடிஇ-யில மாட்டுவாங்க. அந்தக் கார்டுக்கு ஐடிஇ பாஷை இயல்பாவே தெரியும், நடுவுல ஒரு சாதா அடாப்டர் போதும். அப்புறம் சாட்டா வந்துச்சு. மலிவுப் போர்டுகள் அந்தப் பக்கமே போகாம எஸ்டி கார்டுக்குத் தாவிருச்சு. ராஸ்பெரி பையும் அந்த வழிதான். பீகிள்போன் பிளாக் மட்டும் போர்டுலேயே ஈயம் வச்சு ஒட்டின இஎம்எம்சி மெமரியோட வந்துச்சு, முதல்ல 2 ஜிபி, அடுத்த வருஷம் 4 ஜிபி. 2023-ல வந்த ராஸ்பெரி பை 5-ல தான் பிசிஐஇ கனெக்டர் வச்சு, என்விஎம்இ எஸ்எஸ்டி நேரா மாட்ட வழி பண்ணினாங்க.

இதை எல்லாரும் வேகத்தை வச்சுத்தான் ஒப்பிடுறாங்க. எஸ்டி கார்டுல நாலு டேட்டா கம்பி, யூஎச்எஸ்-1 வகையில அதிகபட்சம் நொடிக்கு 104 எம்பி. இஎம்எம்சி-யில எட்டுக் கம்பி, 400 எம்பி வரை. சாட்டா அதுக்கும் மேல. எல்லாம் சரி. ஆனா ஐஸ் பிளான்ட்ல வெப்பநிலையைக் குறிச்சு வைக்கிற பெட்டிக்கு நொடிக்கு 400 எம்பி எதுக்கு? எனக்கு முக்கியமாப் படுறது வேற வித்தியாசம். எது பேசும், எது பேசாது?

ஃப்ளாஷ் மெமரிங்கிறது பென்சிலால எழுதி ரப்பர் வச்சு அழிக்கிற நோட்டு மாதிரி. குறிப்பிட்ட தடவைதான் அழிக்க முடியும், அப்புறம் தாள் கிழிஞ்சிரும். ஒரு செல்லுல ஒரு பிட் வைக்கிற எஸ்எல்சி வகை ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை தாங்கும். மூணு பிட் வைக்கிற டிஎல்சி சில ஆயிரம் தடவையோட சரி. மலிவான கார்டுன்னாலே பெரும்பாலும் பின்னதுதான். இதுல இன்னொரு சங்கடம், ஒரு வரி மட்டும் தனியா அழிக்க முடியாது. பெரிய பெரிய பிளாக்கா அழிச்சு மறுபடி எழுதணும். நீங்க 20 எழுத்து எழுதினா உள்ள எத்தனையோ மடங்கு எழுத வேண்டி வரும். நொடிக்கு ஒரு வரி குறிச்சா ஒரு நாளைக்கு 86,400 தடவை. ஒரு வருஷத்துக்கு 3 கோடியே 15 லட்சம்!

இப்படித் தேயுறதை எஸ்எஸ்டி சொல்லும். சாட்டா, என்விஎம்இ ரெண்டுலயும் ஸ்மார்ட்னு ஒரு வசதி, எத்தனை மணி நேரம் ஓடினேன், எவ்வளவு எழுதினேன், எத்தனை பிளாக் கெட்டுப் போச்சுன்னு ஒப்பிக்கும். இஎம்எம்சி-யும் 2013-ல வந்த 5.0 தரத்துல இருந்து ஆயுள்ல எத்தனை சதவீதம் தீர்ந்துச்சுன்னு பத்துப் பத்து சதவீதமாச் சொல்லும். கடையில வாங்குற சாதா எஸ்டி கார்டு? மூச்! நேத்து வரைக்கும் ஓடும், இன்னைக்குச் செத்திருக்கும். சிலது அதை விட மோசம். எழுதின மாதிரியே காட்டும், ரீபூட் பண்ணினா பழைய நிலைமைக்கு வந்து நிக்கும். ஒரு வாரம் நீங்க எழுதினது எல்லாம் மாயம்.

இதுல கரண்ட் கட்டைச் சேத்துக்கிடுங்க. கார்டுக்குள்ள எந்தத் தகவல் எங்க இருக்குன்னு ஒரு அட்டவணை உண்டு. அதை மாத்திட்டிருக்கும்போது கரண்ட் போனா, நீங்க அப்ப எழுதின ஃபைல் மட்டுமில்ல, போன வருஷம் எழுதி வச்ச ஃபைலும் போகலாம். ஃபைல் சிஸ்டத்துல ஜர்னல் இருக்குன்னு சமாதானப்பட முடியாது. ஜர்னல் லினக்ஸோட கணக்குப் புத்தகத்தைத்தான் காக்கும். கார்டுக்குள்ள இருக்கிற புத்தகத்தை அது தொடவே முடியாது. நம்ம ஊர்ல ஆனி, ஆடிக் காத்துல தென்னை ஓலை கம்பியில விழுந்து ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போயிட்டு வருதுன்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறம் உப்பு. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு தடவை துரு எடுத்துப் பெயிண்ட் அடிக்கணும். எஸ்டி கார்டு சாக்கெட்டுல இருக்கிறது தலைமுடி கனத்துல ஸ்பிரிங் தகடுகள். உப்பு ஈரமும் அதிர்ச்சியும் சேர்ந்தா அங்க தொடுப்பு விட்டு விட்டு வரும். கார்டு நல்லாத்தான் இருக்கும், போர்டும் நல்லாத்தான் இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல பேச்சுவார்த்தை நின்னு போயிரும். ஈயம் வச்சு ஒட்டின இஎம்எம்சி-யில அந்தப் பிரச்சினை இல்ல. நம்ம கடற்கரையைப் பொறுத்தவரை இதுவே பாதிக் காரணம்.

கண்ணால பாத்த ஒண்ணு. கடற்கரை ஓரமா தெரிஞ்ச ஒருத்தரோட ஐஸ் பிளான்ட். குளிர் அறை வெப்பநிலையை நொடிக்கு ஒரு தடவை குறிச்சு வைக்கிற பெட்டி ஒண்ணு விலைக்கு வாங்கி மாட்டியிருந்தார். ஒரே வருஷத்துல மூணு தடவை செத்துச்சு. ஒவ்வொரு தடவையும் வித்தவங்க வந்து "சூடு சார், உங்க ரூம் சூடு"ன்னு சொல்லிட்டு, புதுக் கார்டு போட்டு, கை நிறையக் காசும் வாங்கிட்டுப் போனாங்க. மூணாவது தடவை என்னைக் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து பாத்தா, சூடு இருந்தது உண்மைதான், மத்தியானம் 82 டிகிரி காட்டுச்சு. ஆனா சிப்பு கம்முனு வேகத்தைக் குறைச்சுக்கிட்டுச் சௌக்கியமாத்தான் இருந்துச்சு. செத்தது மூணு தடவையும் கார்டு! நொடிக்கு நொடி எழுதி, நடு நடுவுல கரண்டும் போனா எந்தக் கார்டு தாங்கும்?

செஞ்ச வைத்தியம் ரொம்பச் சின்னது. குறிப்பை ராம்ல சேத்து வச்சு 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டும் எழுத வச்சோம். 86,400 தடவை 96 தடவையாச்சு. சிஸ்டம் இருக்கிற கார்டைப் படிக்க மட்டும்னு பூட்டிட்டு, குறிப்பை யூஎஸ்பி-யில மாட்டின ஒரு சின்ன எஸ்எஸ்டி-க்கு மாத்தினோம். ஒழுங்கா மூடி அணைக்க ரெண்டு நிமிஷம் கிடைக்கிற மாதிரி ஒரு பேட்டரி. பெட்டி மேற்குச் சுவத்துல இருந்து உள்சுவத்துக்கு. இப்ப ரெண்டு மழைக்காலம் தாண்டியாச்சு.

"வாய் உள்ள மெமரி வாங்கினாப் போதுமா?"ன்னா, போதாது. கேக்குறதுக்குக் காது வேணும். டெஸ்லா கார் கதை தெரியும்தானே? 2018-க்கு முன்னால வந்த மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்கள்ல நடுத்திரைக்குப் பின்னால இருந்த போர்டுல 8 ஜிபி இஎம்எம்சி. ஒவ்வொரு செல்லும் 3,000 தடவை எழுதி அழிக்கிற ஆயுள். எழுதி எழுதியே அஞ்சாறு வருஷத்துல அது தீர்ந்துச்சு. திரை செத்தா பின்பக்கக் கேமராவும் செத்துச்சு. கடைசியில அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை தலையிட்டு, 2021 பிப்ரவரியில ஏறக்குறைய 1,35,000 கார்களைத் திரும்ப அழைச்சாங்க. அத்தனை லட்சம் விலையுள்ள கார்ல, அந்த ப்ராசஸர் சூட்டுல சாகலை. கையளவு மெமரிதான் காரை மடக்குச்சு. ஒட்டின மெமரியில இருக்கிற குறையும் இதுலயே தெரியுது. கார்டு மாதிரி கழட்டி மாத்த முடியாது, செத்தா போர்டையே மாத்தணும். அதனாலதான் ஆயுள் மீட்டரைப் பாத்துக்கிட்டே இருக்கணும்ங்கறேன்.

இதுக்கு எதிர்க்கட்சிக்காரங்க ரெண்டு வாதம் வைப்பாங்க.

"கார்டு ஐநூறு ரூபாய், செத்தா மாத்திட்டுப் போவோம்." வீட்டுல மேஜை மேல இருக்கிற போர்டுன்னா நானும் அதைத்தான் செய்வேன். ஆனா கரையில இருந்து 100 கடல்மைல் தாண்டின போட்டுல யாரு மாத்துவா? கார்டோட விலையைச் சொல்றவங்க, அது செத்த அன்னைக்கு நடந்த நஷ்டத்தைக் கணக்குல சேக்குறதில்ல. கார்டு ஐநூறு, அழுகின மீன் எவ்வளவு?

"தொழிற்சாலைத் தரப் போர்டு மூணு மடங்கு விலை." சில நேரம் ஆமா. ஆனா எல்லா இடத்துக்கும் அது வேண்டாம். ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4-ஐயே எடுத்துக்கிடுங்க. ஒட்டின இஎம்எம்சி-யோட கிடைக்கும், -20-ல இருந்து 85 டிகிரி வரைன்னு தரம் போட்டிருக்காங்க. அதே சிப்பு, அதே சாஃப்ட்வேர். இன்னும் ஒரு படி கீழ இறங்கினா, பல வேலைக்கு லினக்ஸே தேவையில்ல. ரயிலேறினா ரெண்டு மணி நேரத்துல திருவனந்தபுரம், அங்க இருக்கிற சி-டாக் உருவாக்கின வேகா ப்ராசஸர் குடும்பத்துல தேஜஸ்32-ன்னு ஒரு சிப்பு இருக்கு. 100 மெகாஹெர்ட்ஸ்தான். அதை வச்சு ஏரீஸ்னு போர்டும் வருது. ஒரு சென்சாரைப் படிச்சு மோட்டாரை ஆன் பண்ணி ஆஃப் பண்ண அது தாராளம். அந்த வேகத்துல சூடும் ஒரு பிரச்சினையே இல்ல, சாகுறதுக்குக் கார்டும் இல்ல. கிகாஹெர்ட்ஸ் கேட்டே பழகினவங்களுக்கு 100 மெகாஹெர்ட்ஸ்னா சிரிப்பா இருக்கும். காத்தாடி கண்ட்ரோலர் எல்லாம் ஒரு காலத்துல அதை விடக் குறைஞ்ச வேகத்துலதான் ஓடுச்சு சாமி :-)

சரி, கடைக்குப் போனா என்ன கேக்கணும்? என் பட்டியல் இது:

1. அதிகபட்ச வேகம் வேண்டாம். மூடின பெட்டிக்குள்ள, சுத்தி 50 டிகிரியில, ரெண்டு மணி நேரம் விடாம ஓடினா எந்த வேகத்துல நிக்கும்? அதுதான் அந்தப் போர்டோட நிஜமான வேகம்.

2. எந்த டிகிரியில வேகம் குறையும், எந்த டிகிரியில அணையும், அணைஞ்சா தானா எந்திரிக்குமா?

3. எழுதுறது எதுல? எஸ்டி, இஎம்எம்சி, எஸ்எஸ்டி? ஆயுள் எவ்வளவு தீர்ந்துச்சுன்னு கேட்டா சொல்லுமா? யூஎஸ்பி-யில மாட்டுற எஸ்எஸ்டின்னா, நடுவுல இருக்கிற அடாப்டர் அந்தத் தகவலைக் கடத்துதான்னும் பாருங்க. சிலது முழுங்கிரும்.

4. கரண்ட் போனா, ஒழுங்கா மூடுறதுக்கு நேரம் கிடைக்குமா?

5. சிஸ்டம் பகுதியைப் படிக்க மட்டும்னு பூட்ட முடியுமா?

6. எஸ்டி கார்டுதான் விதின்னா, தொழிற்சாலைத் தரக் கார்டு வாங்குங்க. ஒரு செல்லுல ஒரே பிட் வச்சு எழுதுற போலி எஸ்எல்சி வகை இன்னும் நல்லது. கொள்ளளவு குறையும், ஆயுள் கூடும்.

இந்த ஆறும் நம்ம மாதிரி ஆசைக்காரங்களுக்கு மட்டுமில்ல. பள்ளிக்கூடம், ஊராட்சி, துறைமுகம்னு பொதுப் பணத்துல பெட்டி வாங்குற எல்லா இடத்துலயும் டெண்டர் தாள்ல ஏறணும்னு ஆசைப்படுறேன். ப்ராசஸர் பேரும் ராம் அளவும் மட்டும் கேக்குற டெண்டருக்கு, ப்ராசஸரும் ராமும் மட்டும் நல்லா இருக்கிற பெட்டிதான் வரும். மெமரி எந்த வகை, எவ்வளவு எழுதினாத் தாங்கும், எந்த வெப்பநிலை வரைக்கும்னு மூணு வரி சேத்தா, பாதிக் குப்பை வாசலோடயே நின்னுரும். சிப்பைக் காப்பாத்த சிப்பு செஞ்சவன் இருக்கான். உங்க தகவலைக் காப்பாத்த உங்களை விட்டா வேற ஆள் கிடையாது.

உங்க ஊர்ல எந்தப் பெட்டி எதுனால செத்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. சூட்டுல செத்த கணக்கு ஒரு பக்கம், கார்டுல செத்த கணக்கு இன்னொரு பக்கம் எழுதிப் பாப்போம். எந்தப் பக்கம் நீளமா வரும்னு எனக்குச் சந்தேகமே இல்ல.

பி.கு.: "இதெல்லாம் சரி, எந்தப் பிராண்டு கார்டு வாங்கலாம்?"னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. எந்தப் பிராண்டா இருந்தாலும் இன்னைக்கு ராத்திரி ஒரு பேக்கப் எடுத்துட்டுத் தூங்குங்க :-)